கால்குலஸ் 2: கை சறுக்கும் இடங்கள்

தொகையன்:
அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ் என்றால் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்: தொகையிடும் முறைகள், சுழற்சிக் கன அளவு, முறையற்ற தொகையீடு, முடிவிலித் தொடர், டெய்லர் தொடர். நம்மூர் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காகப் போட்டவருக்கு முதல் பாதி பழகிய தெரு. அங்கே பெர்னூலி சூத்திரம் என்று படித்ததை இங்கே டேபுலர் முறை என்பார்கள். ஒருங்கல் சோதனைகள் (முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பவை) மட்டும் புதுசு.

முதல் செமஸ்டரில் விதி தெரிந்தால் விடை வந்துவிடும். இங்கே எந்த விதி என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதனால் கணக்கைப் பார்த்ததும் என்ன யோசிக்க வேண்டும், எங்கே உதைக்கும் என்பதை எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். பகுதித் தொகையிடலில் எக்ஸ்² பெருக்கல் இ^(3எக்ஸ்) வந்தால் இரண்டு பத்தி போடுங்கள், இதுதான் டேபுலர் முறை. இடப்பக்கம் வகையிடல்: எக்ஸ்², 2எக்ஸ், 2, 0. வலப்பக்கம் தொகையிடல்: ஒவ்வொரு படியிலும் 3-ஆல் வகுபடும். குறுக்காகப் பெருக்கி, கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறி மாற்றினால் இ^(3எக்ஸ்) × (எக்ஸ்²/3 − 2எக்ஸ்/9 + 2/27). கடைசியில் + சி. அதை விட்டதற்கே மதிப்பெண் குறைப்பவர்கள் உண்டு.

இ^எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ் வந்தால் இரண்டு முறை செய்து, பழைய தொகையீடு திரும்ப வந்ததும் அதை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். முதல் சுற்றில் சைனை ‘யு’ என்று எடுத்துவிட்டு இரண்டாம் சுற்றில் இ^எக்ஸ்-ஐ ‘யு’ ஆக்கினால், செய்ததை நீங்களே அழித்துக்கொண்டு 0 = 0-இல் வந்து நிற்பீர்கள். எதில் ஆரம்பித்தீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ரேடியன்:
வர்க்கமூலத்துக்குள் 9 − எக்ஸ்² என்று பார்த்தவுடன் எக்ஸ் = 3 சைன் தீட்டா என்று பாய வேண்டாம். வெளியே தனியாக ஓர் எக்ஸ் நின்றால் 9 − எக்ஸ்²-ஐ ‘யு’ என்று வைத்து இரண்டு வரியில் முடிக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றால்தான் முக்கோணவியல் பதிலீடு.

அதில் பிழை வரும் இடம் மூன்று. டிஎக்ஸ்-ஐ 3 காஸ் தீட்டா டிதீட்டா என்று மாற்ற மறப்பது. காஸ்² தீட்டா வந்ததும் அரைக்கோண வாய்பாடு போடாமல் முழிப்பது. விடையைச் சைன் 2தீட்டாவிலேயே விட்டுவிடுவது. மூன்றாவதுக்கு மருந்து, ஒரு செங்கோண முக்கோணம்: எதிர்ப்பக்கம் எக்ஸ், கர்ணம் 3, அடுத்துள்ள பக்கம் அந்த வர்க்கமூலம். சைன் 2தீட்டாவை 2 சைன் காஸ் என்று பிரித்துப் படத்தைப் பார்த்து எழுதினால் எக்ஸுக்குத் திரும்பிவிடலாம். எல்லை கொடுத்திருந்தால் திரும்பவே வேண்டாம், எல்லைகளையும் தீட்டாவுக்கு மாற்றிவிடுங்கள். 0 முதல் 3 என்பது 0 முதல் பை/2 ஆகும். (விடை 9 பை/4. கால் வட்டத்தின் பரப்பு, மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்.)

வகுத்தமீதி:
பகுதிப் பின்னம் பற்றிச் சுருக்கமாக. மேலே உள்ள படி கீழே உள்ளதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முதலில் நீள்வகுத்தல். கீழே (எக்ஸ்−1)² இருந்தால் (எக்ஸ்−1)-க்கு ஒரு பின்னம், (எக்ஸ்−1)²-க்கு ஒரு பின்னம். எக்ஸ்²+1 மாதிரி பிரியாத காரணி என்றால் மேலே ‘ஏஎக்ஸ் + பி’. வெறும் ‘ஏ’ போட்டால் சமன்பாடுகள் பொதுவாக ஒன்றுக்கொன்று முரண்படும்; அப்போது பலர் கூட்டலில் பிழை தேடி அரைமணி நேரத்தைத் தொலைப்பார்கள்.

கரும்பலகை:
முறையற்ற தொகையீட்டில் (எல்லையோ சார்போ முடிவிலிக்குப் போவது) எல்லையில் முடிவிலி இருந்தால் கண்ணில் படும், அது பிரச்சினையே இல்லை. −1 முதல் 1 வரை 1/எக்ஸ்² என்று சாதுவாக வருவதுதான் ஆபத்து. கண்ணை மூடிக்கொண்டு எல்லை போட்டால் −2 வரும். எங்கும் நேர்மறையாக இருக்கும் சார்புக்குப் பரப்பு எப்படி −2 ஆகும்? நடுவில் 0-இல் சார்பு வெடிக்கிறது. அங்கே வெட்டி இரண்டாகப் பிரித்தால் விரியும், அதாவது எந்த எண்ணிலும் நிற்காது என்று தெரியும்.

கன அளவில் வளைய முறைக்கு (அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிய வளையங்களைக் கூட்டுவது) ஆரங்களைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கழிக்க வேண்டும், கழித்துவிட்டு வர்க்கம் கூடாது. ஒய் = எக்ஸ்², எக்ஸ் அச்சு, எக்ஸ் = 2 சூழ்ந்த பகுதியை ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றி, ஷெல் முறையிலும் (அச்சைச் சூழ்ந்த உருளை ஓடுகளைக் கூட்டுவது) வளைய முறையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 8 பை வர வேண்டும்.

மீதிப்பிழை:
இனி தொடர். இங்கேதான் பலர் மூழ்குவது.

முதல் சோதனை: உறுப்பு 0-க்குப் போகிறதா? போகவில்லை என்றால் விரியும், கதை முடிந்தது. போகிறது என்றால் எதுவும் தெரியாது. இந்த ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் ஓட்டுவதுதான் தேர்வுத்தாள்களில் பார்க்கும் பிழைகளில் முதல் இடம். 1 + 1/2 + 1/3 + … என்ற தொடரின் உறுப்புகள் 0-க்குத்தான் போகின்றன, ஆனாலும் விரிகிறது. மெதுவாக விரியும் என்பதால் நம்பத் தோன்றாது: கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும்.

அடுத்து உருவத்தைப் பாருங்கள். ஃபேக்டோரியலோ, மாறிலியின் என்-ஆவது அடுக்கோ இருந்தால் விகிதச் சோதனை, அதாவது அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்து எல்லை பார்ப்பது. மேலும் கீழும் பல்லுறுப்புக்கோவை மட்டும் என்றால் அதைத் தொடவே வேண்டாம், எல்லை 1 வந்து ஒன்றும் சொல்லாது. அங்கே எல்லை ஒப்பீடு, அதாவது நம் உறுப்பைத் தெரிந்த தொடரின் உறுப்பால் வகுத்து எல்லை பார்ப்பது. 1/(என்²−1)-ஐ நேராக 1/என்²-உடன் ஒப்பிட முடியாது, நம்முடையது பெரிதாக இருக்கிறது. ஒருங்கும் தொடரைவிடப் பெரியது என்பதால் எதுவும் நிரூபணம் ஆகாது.

விகிதச் சோதனையில் கீழே (2என்)! வந்தால் அடுத்த உறுப்பு (2என்+2)!, (2என்+1)! அல்ல. அடித்தால் கீழே இரண்டு காரணிகள் மிஞ்ச வேண்டும்.

ரேடியன்:
மீதிப்பிழை சொன்னதோடு: அடுக்குத் தொடரில் முனைகளை மறக்காதீர்கள். (எக்ஸ்−2)^என் / (என் × 3^என்) தொடருக்கு ஆரம் 3, நடுப்புள்ளி 2, முனைகள் −1, 5. விகிதச் சோதனை முனைகளில் ஊமை. 5-இல் 1/என் தொடர், விரியும். −1-இல் குறி மாறிமாறி வரும், ஒருங்கும். ஆகவே −1 உண்டு, 5 இல்லை.

தொகையன்:
டெய்லருக்கு, அதாவது சார்பை எக்ஸின் அடுக்குகளின் தொடராக எழுதுவதற்கு, மனப்பாடம் அதிகம் வேண்டாம். 1/(1−எக்ஸ்), இ^எக்ஸ், சைன், காஸ் நான்கும் போதும். முதலாவதில் எக்ஸுக்குப் பதில் −எக்ஸ்² போட்டுத் தொகையிட்டால் ஆர்க்டேன் கிடைக்கும், அதில் எக்ஸ் = 1 என்றால் பை/4 = 1 − 1/3 + 1/5 − … கேரளத்து மாதவரின் பேரில் வழங்கும் அதே தொடர்.

இ^(−எக்ஸ்²)-ஐ 0 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால் எந்தத் தந்திரமும் பலிக்காது, சாதாரணச் சார்புகளில் அதற்கு எதிர்வகையீடே இல்லை. தொடராக எழுதி உறுப்பு உறுப்பாகத் தொகையிடுங்கள்: 1 − 1/3 + 1/10 − 1/42 = 0.7429. பிழை அடுத்த உறுப்பான 1/216-ஐ, அதாவது ஏறக்குறைய 0.0046-ஐத் தாண்டாது. உண்மை விடை 0.7468.

மீதிப்பிழை:
அந்தப் பிழை வரம்பு, குறி மாறிமாறி வந்து, உறுப்புகள் அளவில் குறைந்துகொண்டே 0-க்குப் போகும்போதுதான் செல்லும். இ^எக்ஸ்-ஐ எக்ஸ் = 1-இல் அப்படி மதிப்பிட்டால் தப்பு, அதற்கு லக்ராஞ்ச் மீதி (அடுத்த வகைக்கெழுவின் அளவைக் கொண்டு பிழையைக் கட்டுப்படுத்தும் வாய்பாடு) வேண்டும்.

கரும்பலகை:
பயிற்சிக்கு ஒரு யோசனை. பாடவாரியாகப் போட்டால், பகுதிப் பின்னப் பாடத்தில் எல்லாமே பகுதிப் பின்னம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எல்லாப் பாடத்திலிருந்தும் 30 கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். சீட்டுக்கு 40 நொடி, முறையின் பெயரும் முதல் வரியும் மட்டும். தவறிய சீட்டுகளை மட்டும் முழுசாகப் போட்டு, தொகையீடு என்றால் விடையை வகையிட்டுப் பாருங்கள். மறுநாள் அதே சீட்டுகளைத் திரும்பக் குலுக்கும்போது வரிசை மாற வேண்டும், இல்லாவிட்டால் வரிசைதான் மனப்பாடம் ஆகும்.