ஃப்ளையிங் ஓவராலுக்குக் கஞ்சி போடக்கூடாதா?

கேள்வி:
தம்பி கடற்படை ஹெலிகாப்டர் ஏர்க்ரூ. லீவில் வந்தபோது அவனுடைய நோமெக்ஸ் ஓவராலை (பறக்கும்போது போடும், தீ தாங்கும் துணியில் தைத்த முழு உடுப்பு) அம்மா துவைத்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரியும் செய்துவிட்டார். பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டான். அப்படி என்ன குடி முழுகிப்போச்சு?

பதில் 1:
நோமெக்ஸின் தீ தாங்கும் குணம் நூலிலேயே இருக்கிறது, துவைத்தால் போகாது. ஆனால் கஞ்சி எரியும். கிரீஸ் கறையும் அப்படித்தான். இன்னொரு முறை நன்றாக அலசித் துவைத்தால் சரியாகிவிடும், அம்மாவைத் திட்டாதீர்கள். உள்ளே நைலான் பனியன் மட்டும் கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான்.

பதில் 2:
துணியாவது பரவாயில்லை. கடல்மேல் தாழப் பறந்து வந்த ஹெலிகாப்டரை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டுப் பாருங்கள், ரிவெட் தலையைச் சுற்றி பெயின்ட் கொப்பளிக்கும், சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்துப்போனது அது. எஞ்சினுக்கும் குளியல் உண்டு: எரியவிடாமல் ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, காற்றை இழுத்து அழுத்தும் கம்ப்ரெஸருக்குள் தண்ணீர் பீய்ச்சுவோம். உப்பு படிந்தால் பவர் இறங்கிவிடும்.

கேட்டவர்:
அப்போ ஹெல்மெட் வைசரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

பதில் 1:
ஐயோ வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி. அப்புறம் வெயிலில் காரின் டாஷ்போர்டில் ஹெல்மெட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.