படகுப் பெட்டியின் டயர்களை இடம் மாற்றலாமா?

உப்புவெளியான்: முன்சில்லுகளால் இயங்கும் என் காரில், 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி வருகிறேன். இழுப்பதும் திரும்புவதும் பிரேக் பிடிக்கையில் பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்சில்லுகளே என்பதால், அவற்றை நேரே பின்னுக்கும், பின்னவற்றைக் குறுக்காக முன்னுக்கும் மாற்றினால் நான்கும் ஏறத்தாழச் சமமாகத் தேய்கின்றன. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும், படகு ஏற்றும் ஒற்றை அச்சுப் பெட்டியில் (டிரெய்லரில்) இரண்டு டயர்களின் உள்ளோரமும் வழுக்கையாகிவிட்டது. அவற்றையும் இடம் வலமாக மாற்ற இருக்கிறேன். வீண்வேலை என்கிறார்கள், காரணம் விளங்கவில்லை.

கிண்ணியா நானா: தம்பி, காருக்கு நீங்கள் செய்வது சரி, சுழலும் திசையை அம்புக்குறி காட்டும் டயராக இருந்தால் மட்டும் அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றுங்கள். பெட்டியில் ஒரு சில்லைக் கழற்றி மறுபக்கம் பூட்டிப் பாருங்கள்: நட்டுப் பூட்டும் முகம் அங்கும் வெளியேதான் இருக்கும், தேய்ந்த ஓரமும் உள்ளேயே இருக்கும். மாறியது சுழலும் திசை மட்டுமே. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் அச்சின் நடுப்பகுதி கீழே வளைய, சில்லுகளின் மேற்பகுதி உள்ளே சாயும்; உங்கள் டயர் அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

கந்தளாய் நெல்வண்டி: நானாவின் கணக்கு ஒற்றை அச்சோடு முடிந்துவிடுகிறது. நான் ஹபரணைப் பக்கம் நெல் ஏற்றிச் செல்வது இரட்டை அச்சுப் பெட்டியில். ஒடுங்கிய முடக்குகளில் அதன் சில்லுகள் உருள்வதை விடப் பக்கவாட்டில் உரசி இழுபடுவதே அதிகம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதால் மாற்றித்தான் ஆகவேண்டும். தம்பியும் டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால் உள்ளோரம் வெளியே வந்துவிடுமே?

கிண்ணியா நானா: வரும், அச்சை அப்படியே விட்டால் மற்ற ஓரமும் வழுக்கையாகும், பிறகு எங்கே பிழை என்று காட்டவும் தடயம் இராது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள் தம்பி. 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மாதக்கணக்கில் கடற்கரை வெயிலில் நிற்கும் பெட்டிக்குத் தேய்வை விட வயதே எமன்.

உப்புவெளியான்: நேற்று மாலை அச்சின் மேற்புறத்தில் நூலை இறுக்கிப் பிடித்தேன், நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் புகுந்தது. இலக்கம் 1116. பக்கச் சுவரை நகத்தால் அழுத்தியதும் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. இனி இந்த டயரைத் திருப்பிப் போடும் பேச்சுக்கு இடமில்லை. அச்சை நிமிர்த்துவதா, புதிதாகப் போடுவதா?

கந்தளாய் நெல்வண்டி: புதிதாகப் போடுங்கள்; நிமிர்த்திய இரும்பை நம்பிப் படகு ஏற்ற நான் துணியமாட்டேன். என் பெட்டியில் மட்டும் டயர் மாற்றுவதை நிறுத்தப் போவதில்லை, நானா கோபித்தாலும் சரி. சில்லுப் பூட்டி 80 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க மறவாதீர்கள்.