உறுதிமொழியும் பென்சில் எழுத்தும்: முகாம் பிள்ளைகளைப் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளர்ந்த இளைஞர்களின் பள்ளிப் படிப்பைப் பற்றி மானுடவியல் ஆய்வு செய்கிறேன். களத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி. பள்ளியில் காலை வழிபாட்டின்போது 'இந்தியா எனது நாடு' என்று உறுதிமொழியை முன்னால் நின்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நான் போயிருந்தபோது கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எல்லாக் கட்டத்திலும் நீல மை. குடியுரிமை என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் 'இலங்கை' என்று எழுதியிருந்தாள். அப்பா வந்து சரி என்று சொன்னால்தான் பேனா. அவள் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

'எந்த நாட்டை உன் நாடாக நினைக்கிறாய்?' என்று எங்கள் துறையில் கேட்பது வழக்கம். இவளைப் போன்றவர்களுக்கு அது மனம் சார்ந்த கேள்வி மட்டும் இல்லை, பிறந்த தேதியும் சேர்ந்த கேள்வி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகிவிட்டது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை போய், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் அந்த வழியே அவருக்கு இருந்திருக்காது. ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல், ஒரே உறுதிமொழி எல்லாம் கொடுத்து வளர்த்த பிள்ளையைப் பதினெட்டு வயதில் வெளிநாட்டவர் என்பது அநியாயம். ஆய்வாளராக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

மறுமொழி:

அக்கா, நான் முகாமில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் ஒருநாளும் என்னை வேறாக நடத்தியதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாத்தியார்மார் ஃபீஸ் கட்டிக்கூடப் படிக்க வைத்தார்கள். பொறியியல் முடித்தேன். வேலைக்கான நேர்காணலில் எல்லாம் சரியாகப் போனது, கடைசியில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அப்புறம் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. இப்போது பெயிண்டிங் வேலைக்குப் போகிறேன்.

இதைப் பார்த்து வளர்கிற தம்பிமார் 'படிச்சு என்ன அண்ணா?' என்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவர்களிடமும் பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். காலையில் முகாம் வாசலுக்கு வாருங்கள், வேலைக்கு வண்டி ஏறுகிற நேரம் ஏழு மணி.