பேக்கிங் மூன்று முறை மாற்றியும் நிற்காத ஆயில்

பழைய வண்டியில் ஆயில் ஒழுகுகிறது, பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஒழுகாமலிருக்க வைக்கும் அடைப்பு) மாற்றியும் நிற்கவில்லை என்று உங்களில் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததும் அதேதான். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்; எதனால் வருகிறது என்று கேட்காமல் விட்டதில் ஒன்றரை வருடம் போய்விட்டது.

என் வண்டி 1997 மாடல் மாருதி ஜென். கார்புரேட்டர், 993 சிசி. கோவையில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு கிலோமீட்டர்தான். காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்புப் பொட்டு இருக்கும். அது மெல்ல மெல்ல உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. சிக்னலில் நின்றால் ஆயில் கருகும் வாசம் உள்ளே வரும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது.

முதலில் போன பட்டறையில் டேப்பட் கவர், அதாவது என்ஜின் உச்சியில் இருக்கும் மூடியின் பேக்கிங்கை மாற்றினார்கள். இரண்டு மாதம் தாங்கியது. மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது முறை பேக்கிங்கோடு பசையையும் தாராளமாகப் பூசி, போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கினார்கள். அப்படி இறுக்கினால் ரப்பர் நசுங்கிச் சீக்கிரமே வெடித்துவிடும். பசை விஷயம் அதைவிட மோசம். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது பிய்ந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் நண்பர் சொல்லி உக்கடம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாய்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து வைக்கச் சொன்னார். குக்கரில் வெயிட்டை எடுத்தால் வருவதுபோல் சூடான காற்று குபுகுபுவென்று அடித்தது.

“பேக்கிங் மேல தப்பு இல்லீங்க சார். உள்ள இருக்கற காத்து வெளிய போக வழியில்லாம அடைச்சுக் கெடக்குது. எந்த எடம் எளச்ச எடமோ, அது வழியா ஆயிலத் தள்ளிட்டு வருது.”

விஷயம் இதுதான். எந்த என்ஜினிலும், புத்தம் புதியதில்கூட, எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை ஒரு ஹோஸும் பிசிவி என்ற ஒருவழி வால்வும் சேர்ந்து மறுபடி என்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வழி அடைந்தால் கீழே அழுத்தம் ஏறும். எத்தனை புது சீல் போட்டாலும் எண்ணெய் பிதுங்கும். என் வண்டி ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே தார் மாதிரி கரி. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டால்கூட அந்தப் பக்கம் வரவில்லை. பிசிவி வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே டக்டக்கென்று சத்தம் வர வேண்டுமாம். என்னுடையதில் சத்தமே இல்லை.

கரி இவ்வளவு சேர்ந்ததற்கு என் நாலு கிலோமீட்டர் ஓட்டமும் ஒரு காரணம். ஆயில் நன்றாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறேன். உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து சேறாகின்றன. மூடிக்கு அடியில் பாலேடு போல வெளுத்த களிம்பு படிந்திருந்தால் அதற்கு அர்த்தம் இதுதான்.

ஹோஸும் வால்வும் புதிதாகப் போட்டபின் ஒழுக்கு முக்கால்வாசி நின்றது. மிச்சத்தைக் கண்டுபிடிக்க அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். “பொள்ளாச்சி ரோட்டுல இருபது கிலோமீட்டர் போய்ட்டு வாங்க” என்றார். திரும்பி வந்து பார்த்தால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் சேரும் இடத்திலிருந்து ஒற்றைக் கோடாக வெள்ளைப் பவுடர் பழுப்பாகி இறங்கியிருந்தது. அதன் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. மாற்றியதும் முழுக்க நின்றுவிட்டது. ஒழுகும் எண்ணெய் கீழேயும் பின்னாலும் பரவும். அதனால் நனைந்த இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதிலிருந்துதான் தேட வேண்டும்.

இனி என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் இடத்தில் சேர்ந்த கரி. மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கும் சத்தம் வரும். கீழே வந்து சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் என்ஜின் நாலைந்து விநாடி உதறிக்கொண்டு ஓடும். பிஸ்டன் தலையில் படிந்த கரி தணலாக நின்று, பிளக் பொறி இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைப்பதால் வருவது அது. பிசிவி அடைப்போடு, வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலும் கெட்டு ஆயில் உள்ளே இறங்கியதால்தான் அவ்வளவு கரி.

ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலை அடுப்பில் கிடந்த தோசைக்கல்லின் அடிப்பாகம் போல இருந்தது. பட்டறைப் பையன் இரும்புப் பட்டியை எடுத்தான். பெரியவர் பிடுங்கி வைத்துவிட்டார். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அடுத்த கரி அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டுதான் வளரும். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்து, காலையில் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டினார். பொறுமையான வேலை. வால்வுகளைப் பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்காரவைத்து, வால்வுக்குப் பின்னால் இருக்கும் வழியில் (போர்ட்) மண்ணெண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் பார்த்தார். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. புது வால்வ் சீல், புது ஹெட் பேக்கிங், நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று தவணையாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கம்.

எழுதியவர்களில் அம்பாசடர் வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. எங்கள் மாமா வண்டியும் அதே 1489 சிசி பெட்ரோல்தான். அந்த என்ஜினின் பின்பக்கம் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கில் திருகுபோல் வெட்டிய பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. வண்டி நிற்கும்போது அது வேலை செய்யாது. அதனால் நாலு சொட்டு விழுந்தால் பயப்படாதீர்கள். திடீரென்று அதிகமானால் முதலில் என்ஜினுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழியான ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். மாமா கியர்பாக்ஸை இறக்கக் கிளம்பியவர். அரை மணி நேரத்தில் ப்ரீதரைக் கழுவிப் போட்டு வேலையை முடித்தோம்.

ஃப்ளஷ் (என்ஜின் உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவ ஊற்றும் திரவம்) ஊற்றலாமா என்று கேட்டிருந்தவருக்கு: சேறு கட்டியிருக்கும் என்ஜினில் தயவுசெய்து வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றினார். பல வருடக் கரி ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் வலையை அடைத்து, இரண்டாம் நாள் ஆயில் லைட் எரிந்தது. உடனே நிறுத்தியதால் என்ஜின் பிழைத்தது. ஆனால் சம்ப்பைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பதிலாக நல்ல ஆயிலை ஊற்றி, 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும்.

ஹெட்டைத் திறப்பதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர் முதலில் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று) பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் அந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் பேக்கிங். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். கம்ப்ரஷன், ஆயில் விட்டபின் கம்ப்ரஷன், காலைப் புகை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.