போர் தண்ணியில் சிவப்புச் செடி: எதை வைக்கலாம், நிறம் எப்படி வரும்?

பாலக்கோடு_மீன்தொட்டி:

வணக்கம். 2×1×1 அடி தொட்டி. மணல் போக நிக்கிற தண்ணி சுமார் 50 லிட்டர். கறுப்பு குவார்ட்ஸ் மணல் 2 அங்குலம், அடியில் உரம் எதுவும் இல்லை. வெள்ளை எல்.இ.டி. 20 வாட், தினமும் 10 மணி நேரம். சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) விடுறது இல்லை. மீன் கப்பி மட்டும், எட்டு.

தண்ணி வீட்டு போர். டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 850, கேஎச் (கார்பனேட் கடினம்) 16, ஜிஎச் (மொத்தக் கடினம்) 20, பிஎச் 8. ஒகேனக்கல் தண்ணியும் வருது, ஆனா எல்லா நாளும் இல்லை.

செடி மூணு: ரோட்டாலா மெக்ராண்ட்ரா, ஏஆர் மினி (ஆல்டர்னான்தெரா ரெய்னெக்கி மினி), கடையில் பேர் சொல்லாம குடுத்த ஒரு ஊதா இலைச் செடி. மெக்ராண்ட்ரா நுனி சுருங்கி வளர்ச்சி நின்னுபோச்சு. ஏஆர் மினி பழுப்பா இருக்கு, இலை ஓரத்துல கறுப்பா முடி மாதிரி பாசி. ஊதாச் செடிக்கு அடித்தண்டு கொழகொழன்னு ஆயிடுச்சு. அயர்ன் டானிக் ஊத்தினா சிவக்கும்னு கடையில் சொல்றாங்க. வாங்கலாமா?

---

ஓசூர்_நீர்த்தோட்டம்:

இப்போதைக்கு வாங்காதீங்க. அயர்ன் குறைஞ்சா புதுக்கொழுந்து வெளிறும், நரம்பு மட்டும் பச்சையா தெரியும். அப்போ அயர்ன் போட்டா கொழுந்து தேறும். தேவைக்கு மேல போடுறதால சிவப்பு கூடாது, பாசிதான் கூடும். சிவப்பைத் தீர்மானிக்கிறது செடியோட ரகம், வெளிச்சம், சிஓடூ, நைட்ரேட் (குறைஞ்சா சிவக்கும்). உங்க ஊர்ல இதுக்கெல்லாம் முன்னாடி தண்ணி.

ஊதாச் செடியை முதல்ல எடுத்துடுங்க. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது ஹெமிகிராஃபிஸா இருக்கும். தொங்குதொட்டியில் வைக்கிற தோட்டச் செடி. டிராசீனா, கார்டிலைன், சிவப்பு பொன்னாங்கண்ணி எல்லாத்தையும் இதே மாதிரி மீன் கடையில் கட்டு கட்டி விக்கிறாங்க. தண்ணிக்கு அடியில் சில வாரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் அடியில இருந்து அழுகும். அழுகல் அம்மோனியாவா மாறி மீனைத்தான் பாதிக்கும். பேர் சொல்லாத செடியை வாங்கவே வேண்டாம்.

மெக்ராண்ட்ரா தென்னிந்தியச் செடிதான், ஆனா மென்தண்ணிச் செடி. கேஎச் 16ல நுனி சுருங்குறது அதோட இயல்பு. எந்த உரம் போட்டாலும் மாறாது. கேஎச் 4க்குக் கீழ வந்தா மட்டும் திரும்ப வையுங்க. ரோட்டாலா வாலிச்சியையும் அதே கணக்குல தள்ளி வையுங்க.

உங்க தண்ணிக்கு என் வரிசை இது. முதல்ல லுட்விஜியா சூப்பர் ரெட்: கடினத் தண்ணியைத் தாங்கும், நடுத்தர வெளிச்சத்துலயே சிவக்கும். அடுத்து ரெட் டைகர் லோட்டஸ் கிழங்கு. சிஓடூவே இல்லாம இதுவும் சிவப்பா வரும்னு தைரியமா சொல்லலாம். கிழங்கைப் பாதி வெளியே தெரியுற மாதிரி மணல்ல வெச்சு, பக்கத்துல ஒரு ரூட் டேப் (வேருக்கான உர மாத்திரை) புதைங்க. மேல மிதக்க ஓடுற இலைக்காம்பை அடியோட கிள்ளிட்டே இருந்தா கீழேயே புதரா நிக்கும். 2 அடித் தொட்டிக்கு ஒரு கிழங்கு போதும். முன்பக்கத்துக்கு கிரிப்டோகோரைன் வெண்டி பிரவுன். அது செம்பழுப்புதான், ரத்தச் சிவப்பு எதிர்பார்க்காதீங்க. ரோட்டாலா ஹெச்ரா வேணும்னா சிஓடூ வந்த பிறகு.

ஏஆர் மினியைத் தூக்கிப் போடாதீங்க, அது கடினத் தண்ணியிலயும் வளரும். கறுப்பு முடி வந்த பழைய இலையை வெட்டிடுங்க. பாசிக்குக் காரணம் சிஓடூ இல்லாம 10 மணி நேரம் விளக்கு எரியுறது. இன்னைக்கே டைமர் வெச்சு 6 மணி நேரமாக் குறைங்க.

---

தென்பெண்ணைக்கரை:

மேலே சொன்னதில் நைட்ரேட் பற்றி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 'நைட்ரேட்டைக் குறைத்தால் சிவக்கும்' என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. ரோட்டாலா, லுட்விஜியா சிவப்பது ஆந்தோசயனினால். வெளிச்சம் கூடி நைட்ரஜன் கொஞ்சம் குறைந்தால் இந்த நிறமி பெருகும். ஹெச்ராவில் இது கண்ணுக்குத் தெரியும்: நைட்ரேட் 20 பிபிஎம்மில் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) ஆரஞ்சாக நிற்கும் நுனி, 5 பிபிஎம் அருகில் வந்ததும் சிவக்கும். ஏஆர் மினி வேறு கதை. அது பொன்னாங்கண்ணியின் இனம், தண்டுக்கீரைக் குடும்பம். அதன் சிவப்பு பீட்டாலெயின், பீட்ரூட்டில் இருப்பதும் அதே வகைதான். நைட்ரேட்டைப் பட்டினி போட்டால் ஏஆர் சிவக்காது. குட்டையாகி, அடி இலை உதிர்ந்து, பாசி பிடிக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் நைட்ரேட் 10 பிபிஎம்மில் நிறுத்துங்கள். லோட்டஸும் கிரிப்டும் வேரில் ரூட் டேப்பை எடுத்துக்கொள்ளும்.

உரத்துக்கு மீன் கடைக்கே போக வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பாலிஹவுஸ் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் சொட்டுநீரில் விடும் நீரில் கரையும் உரங்கள் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். அளவு 50 லிட்டர் தண்ணீருக்கு:

முதல் பாட்டில்: 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) 20 கிராம், 0-52-34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 3.6 கிராம். இதில் 10 மில்லி ஊற்றினால் நைட்ரேட் சுமார் 5, பாஸ்பேட் 1, பொட்டாசியம் 3.5 பிபிஎம் ஏறும்.

இரண்டாவது பாட்டில்: இன்னொரு 500 மில்லியில் 11 சதவீத டிடிபிஏ அயர்ன் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் கூட்டு) 2.25 கிராம். 10 மில்லிக்கு அயர்ன் 0.1 பிபிஎம். இதை முதல் பாட்டிலில் கலக்கவே கூடாது. பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து அடியில் படிந்து இரண்டுமே வீணாகும். ஊற்றுவதும் வேறு வேறு நாளில். ஈடிடிஏ அயர்ன் பிஎச் 6.5க்கு மேல் நிலைக்காது, உங்கள் தண்ணீருக்கு உதவாது. ஈடிடிஹெச்ஏ நிலைக்கும், ஆனால் தொட்டித் தண்ணீரையே செந்நீராக்கும்.

சிஓடூ இல்லாதவரை முதல் பாட்டில் வாரம் ஒருமுறை 5 மில்லி போதும். சிஓடூ வந்ததும் வாரம் இருமுறை 10 மில்லி, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம். அடி இலைகளில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு: 0-0-50 (பொட்டாசியம் சல்பேட்) அரை கிராம் கரைத்து ஊற்றினால் 4 முதல் 5 பிபிஎம் ஏறும். கண்ணாடியிலும் இலையிலும் பச்சைப் புள்ளி அப்பினால் பாஸ்பேட் போதவில்லை.

முக்கியமானது: உரக்கடையில் 19-19-19 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் யூரியாவும் அமோனியமும் உண்டு. 12-61-0வும் அமோனியம் பாஸ்பேட்தான். பிஎச் 8 தண்ணீரில் அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும், கப்பி தாங்காது.

---

கிருஷ்ணகிரி_அக்வா:

தண்ணி கணக்கு நான் சொல்றேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணி மூணு பங்கு, போர் தண்ணி ஒரு பங்கு. கேஎச் 16 அப்படியே 4 ஆகும், ஜிஎச் 20 கிட்டத்தட்ட 5 ஆகும். கால்சியம், மெக்னீசியம் போர் தண்ணியிலயே இருக்கு, தனியா மினரல் பவுடர் வாங்க வேண்டாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை மட்டும் சேர்க்காதீங்க, உப்பு முழுக்க அதுலதான். மாடியில் வெச்சிருக்கிற உப்பு போடுற சாஃப்ட்னரும் வேலைக்கு ஆகாது: கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும், கேஎச் அப்படியே நிக்கும்.

ஒகேனக்கல் தண்ணி வர்ற நாள்ல டிரம்ல பிடிச்சு கேஎச் பாருங்க. 5, 6க்குள்ள இருந்தா ஆர்.ஓ. கலக்கவே தேவையில்லை. அதுல குளோரின் இருக்கும்: ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விடுங்க, அவசரம்னா 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தையோசல்பேட்.

எதுவானாலும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. வாரம் கால் பங்கு வீதம் மாத்தினா கப்பி பழகிக்கும்.

சித்திரை வெயில்ல தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். சூடு ஏற ஏற சிஓடூ தண்ணியில் தங்காது, செடி சேர்த்து வெச்சதை எரிச்சிடும். சிவப்புச் செடி நெடுநெடுன்னு கணு நீண்டு வெளிறும். மூடியை எடுத்துட்டு சின்ன 12 வோல்ட் ஃபேனைத் தண்ணி மேற்பரப்புல சாய்ச்சு வையுங்க, 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையுற தண்ணியை ஆர்.ஓ.வால மட்டும் நிரப்புங்க. போர் தண்ணியால நிரப்பினா உப்பு தங்கித் தங்கி, ரெண்டு மாசத்துல கேஎச் பழைய இடத்துக்கே வந்துடும்.

தொட்டியில் அலங்காரக் கல் இருந்தா ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்புக் கல், எடுத்துடுங்க. நம்ம ஊர் கிரானைட் நுரைக்காது, தாராளமா வைக்கலாம்.

---

பாலக்கோடு_மீன்தொட்டி:

ரொம்ப நன்றிங்க. ஊதாச் செடியை எடுத்துட்டேன், டைமரும் வெச்சாச்சு. ரெண்டு கேள்வி. சிஓடூ போட்டா எவ்வளவு விடணும்? 20 வாட் வெள்ளை லைட் போதுமா, மாத்தணுமா?

---

ஓசூர்_நீர்த்தோட்டம்:

சிலிண்டர், ரெகுலேட்டர், சோலினாய்டு வால்வு, பபிள் கவுண்டர் (குமிழ் எண்ண), டிஃப்யூசர் (வாயுவைப் பொடிக்குமிழாக்க), டிராப் செக்கர் (சிஓடூ அளவை நிறத்துல காட்ட). இதுல சோலினாய்டை மிச்சம் பிடிக்காதீங்க, ராத்திரி தானா மூட அது வேணும். விநாடிக்கு ஒரு குமிழ்ல ஆரம்பிங்க. விளக்கு எரியுறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி திறந்து, அணையுறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி மூடணும். டிராப் செக்கர்ல தொட்டித் தண்ணியை ஊத்தாதீங்க, 4 கேஎச் கரைசல்தான் போகணும். நீலம்னா குறைவு, எலுமிச்சைப் பச்சை சரி, மஞ்சள்னா அதிகம். மாற்றம் தெரிய ரெண்டு மணி நேரம் ஆகும், அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல வால்வைத் திருப்பாதீங்க. மீன் மேல வந்து வாயைத் திறந்தா உடனே மூடிட்டு ஏர் பம்ப் போடுங்க. பிஎச்ல சரிபார்க்கணும்னா: 30 பிபிஎம் சிஓடூவுக்கு கேஎச் 4ல பிஎச் 6.6, கேஎச் 16லயே விட்டா 7.2. சிலிண்டரை நிமிர்த்தி, வெயில் படாத இடத்துல கட்டி வையுங்க.

லைட் 20 வாட் லுட்விஜியாவுக்குப் போதும். ஆனா வெள்ளை எல்.இ.டி. சிவப்பைப் பழுப்பாக் காட்டும், அதுல சிவப்பு அலை கம்மி. டார்ச் இல்லாம பகல் வெளிச்சத்துல இலையைப் பாருங்க. அங்க சிவப்பா தெரிஞ்சா செடி நல்லா இருக்கு, குறை லைட்டுலதான். டபிள்யூஆர்ஜிபி (வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த) லைட் மாத்துறதா இருந்தா சிஓடூ நிலைப்பட்ட பிறகு, 6 மணி நேரத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டுங்க, 8க்கு மேல வேண்டாம்.

---

தென்பெண்ணைக்கரை:

நடும்போது ஒன்று. நர்சரிச் செடி தண்ணீருக்கு மேலே வளர்த்தது. அந்த இலை தொட்டியில் உருகிப்போவது சகஜம். 2, 3 வாரம் காத்திருந்தால் நுனியில் மெலிந்த புது இலை வரும், நிறம் அதில்தான் தெரியும். பஞ்சையும் ஈயப் பட்டையையும் பிரித்து, கீழ் 3 செ.மீ. இலையைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக 2 செ.மீ. இடைவெளியில் இடுக்கியால் சாய்த்து நடுங்கள். கட்டோடு புதைத்தால் உள்தண்டு அழுகும். ஒரு சாண் வளர்ந்ததும் மேல் 10 செ.மீ. வெட்டி மறுபடி நட்டு, வெளிறிய அடிக்கட்டையைப் பிடுங்கிவிடுங்கள்.

ஏஆரில் மிச்சமிருக்கும் கறுப்புப் பாசிக்கு: மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசி மேல் மெதுவாக விடுங்கள். 50 லிட்டருக்கு மொத்தம் 12 மில்லியைத் தாண்ட வேண்டாம். 10 நிமிடம் கழித்து ஃபில்டர் ஓடலாம். பாசி சில நாளில் இளஞ்சிவப்பாகி வெளுக்கும். கறுப்பாகவே இருந்தால் மூன்று நாள் விட்டு இன்னொரு முறை விடுங்கள்.