புதுப்பிப்பு: 'சமர்ப்பி' பட்டனில் அம்மா ஏன் நின்றுவிடுகிறார்?

பயிற்சிக்காக நான் வடிவமைத்த மாத்திரை நினைவூட்டும் ஆப்பில், அம்மா கடைசித் திரையிலேயே தயங்குகிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாகோப் நீல்சன் 2000-இல் சொன்னபடி ஆப்பை 5 பேரிடம் கொடுங்கள், குறுக்கே பேசாமல் கவனியுங்கள் என்றீர்கள். செய்தேன். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் இதில் பெரும்பாடு!

பட்டனின் நிறம்தான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். இல்லை, சொல்தான். "இதை அழுத்தினா யாருக்குப்பா போகும்?" என்றார் பெரியம்மா. சமர்ப்பிப்பது என்றால் அவருக்கு மனு கொடுப்பது. 'நேரத்தைச் சேமித்து வை' என்று மாற்றினேன். அது இரண்டு வரியானது. எழுத்தைச் சிறிதாக்க மனம் வரவில்லை. விரலால் தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்ச உயரம் 48 டிபி (dp, திரையில் அளக்கும் அலகு), நான் பட்டனை 64-க்கு உயர்த்தினேன். எழுத்துகளின் மேற்கொம்பும் கீழ்ச்சுழியும் இப்போது வெட்டுப்படவில்லை.

நேற்று இரவு மாத்திரைக்கு அம்மாவே நேரம் வைத்துவிட்டார். அடுத்து, வைத்த நேரத்தை மாற்றும் திரை.