சின்ன அத்தையின் சபைக்கு நாம் அனுப்பும் காணிக்கை

பெரியப்பா: அன்புப் பிள்ளைகளே, என் அம்மாவின், அதாவது உங்கள் பாட்டியின், முதலாம் ஆண்டு நினைவுநாள் நெருங்குகிறது. அவர்கள் உயிரோடு இருந்தவரை உங்கள் சின்ன அத்தையின் துறவற சபைக்கு ஆண்டுதோறும் அனுப்பிவந்த காணிக்கையை இனி நாம் அனைவரும் சேர்ந்து தொடர வேண்டும் என்று விரும்புகிறேன். எவ்வாறு கொடுக்கலாம் என்று உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

தம்பி: சின்ன அத்தையின் பெயருக்கே அனுப்பிவிட்டால், அவர்கள் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள் அல்லவா, பெரியப்பா?

பெரிய அத்தை: வாங்கிக்கொள்ள மாட்டாளப்பா. அம்மா ஒருமுறை கம்பளிச் சால்வை ஒன்றைத் தம் கையாலேயே பின்னி அவளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த முறை மடத்துக்குப் போனபோது, படுக்கையைவிட்டு எழ முடியாத ஒரு முதிய சகோதரியின் தோளில் அது கிடந்தது. ஓரத்துச் சிவப்பு நூலை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். அம்மாவின் முகம் முதலில் வாடிவிட்டது. பிறகு அந்தச் சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்: தமக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று துறவியர் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்காகிய ஏழ்மை வார்த்தைப்பாடு என்பதே அதுதான், அத்தை. ஒரு துறவி தம் உழைப்பால் ஈட்டுவதும், சபையை முன்னிட்டு அவருக்குக் கிடைப்பதும் சபைக்கே உரியவை என்று 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆவது சட்டம் கூறுகிறது. ஆகவே சபையின் பெயருக்கே, பொருளாளர் வழியாக அனுப்பி ரசீது பெற்றுக்கொள்வதுதான் முறை.

அண்ணி: புதிய கட்டடத்துக்கென்று கொடுத்தால் பாட்டியின் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள். பேரப்பிள்ளைகள் பார்த்து மகிழ்வார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, அண்ணி. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 1267-ஆவது சட்டம் வரையறுத்திருக்கிறது. கட்டடத்துக்கு என்று நாம் எழுதிவிட்டால், சகோதரிகளின் மருந்துச் செலவுக்குக் கை நீட்ட வேண்டிய நிலை வந்தாலும் அதிலிருந்து எடுக்க இயலாது. பல்லாண்டுகள் பாடம் நடத்தியும் நோயாளிகளைப் பராமரித்தும், தமக்கென்று ஒரு சேமிப்பும் வைத்துக்கொள்ளாமல் முதுமை அடைந்த சகோதரிகளுக்குச் சபையைத் தவிர வேறு ஆதரவு கிடையாது. வார்த்தைப்பாடு எடுக்கும் முன் பெறும் குறைந்தது 12 மாத நவதுறவுப் பயிற்சியில் இருக்கும் இளம் பெண்களும் அக்காலத்தில் வருமானம் ஈட்டுவதில்லை. இவர்களுக்காகக் கொடுக்கும்போது பெயர் பொறிக்கக் கல் இருக்காது. அதனாலேயே நாம் கொடுக்க வேண்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரியப்பா: நீ சொல்வது சரிதான். 1839-இல் பிரான்சில் ழான் ஜுகான் என்ற பெண்மணி, பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து தம் கட்டிலையே கொடுத்தார். அப்படித் தொடங்கியதே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அவர் கூடையேந்தி வீடுவீடாகச் சென்று முதியோருக்காகக் கேட்டு வாங்கினார். 2009-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அந்தக் கூடையில் ரொட்டித் துண்டைப் போட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

பெரிய அத்தை: அண்ணா, அம்மாவுக்கான திருப்பலிக் காணிக்கையை இதனோடு சேர்த்துவிடாதீர்கள். அதை, அம்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்னும் கருத்தோடு குருவானவரிடம் தனியாகக் கொடுப்போம்.

தம்பி: ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகையாகக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் அவரவரால் இயன்றதை அனுப்பினால் பொருளாளர் சகோதரி முன்கூட்டியே செலவைத் திட்டமிட இயலும். முதல் மாதத்திலிருந்தே நான் சேர்ந்துகொள்கிறேன்.

அண்ணி: நானும் சேர்கிறேன். கல்லைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

பெரியப்பா: அப்படியானால் காணிக்கையுடன் இவ்வாறு எழுதி அனுப்புகிறேன்: “முதிய, நோயுற்ற சகோதரிகளின் பராமரிப்புக்காகவும் நவதுறவியரின் பயிற்சிக்காகவும், அங்கே தேவை இல்லாதபோது சபைத் தலைவி தகுதியெனக் கருதும் எப்பணிக்காகவும்.” யாருக்கேனும் மாற்றுக்கருத்து இருந்தால் இன்று இரவுக்குள் தெரிவியுங்கள்.

பெரிய அத்தை: எனக்கு முழுச் சம்மதம், அண்ணா. நானும் ஒரு சால்வை பின்னத் தொடங்கியிருக்கிறேன். ஓரத்துக்குச் சிவப்பு நூல்தான். இந்த முறை யாருக்கென்று சொல்லாமல் கொடுத்துவிடுவேன்.